எலும்பெடுக்கும் சனிக்கிழமை

கஸ்தானியா, எப்பிரஸ், கிரேக்க நாடு
20 பிப்ரவரி 1988

தங்கச்சி ஆர்கிரோவுக்கு அக்கா ஸ்தமாத்தா எழுதுவது.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? இங்கே பனி இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை. எனக்கு முட்டியைத் தவிர உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த முட்டியும் வேலைக்குப் பயந்து வலிப்பதில்லை, தேவாலயப் படிக்குப் பயந்துதான் வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்ததும் பாதிரியார் ஸ்டெர்யோஸ் என்னை நிறுத்தினார். "ஸ்தமாத்தாக்கா, உங்க வீட்டுக்காரர் கொஸ்மாஸ் மண்ணுல படுத்து அஞ்சு வருஷம் ஆயிருச்சு. ஜூலையில எடுத்துரலாமா? இடம் பத்தல, அடுத்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். "காத்துக்கிட்டு இருக்கறது யாரு, நானா?" என்று கேட்டேன். சிரிக்கிறார் அந்த மனுஷன்.

நீ ஊரை விட்டுப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது, மறந்திருப்பாய். எலும்பெடுக்கும் நாளில் குடும்பம் மட்டும் வராது, ஊரே வந்து வேலியைச் சுற்றி நிற்கும். சதையெல்லாம் மண்ணாகி எலும்பு சுத்தமாய் வந்தால், போனவன் யாரோடும் பகையில்லாமல் போனான் என்று கைகூப்புவார்கள். கரையாமல் கிடந்தால், ஏதோ மன்னிக்காத வார்த்தை அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாம்ப்ரோஸைத் தோண்டினார்கள். கோட்டுப் பொத்தான்கூடக் கழலவில்லை. திரும்பவும் மூடினார்கள். அன்றையிலிருந்து அவன் பெண்டாட்டி பூசையில் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.

எனக்கு என்ன பயம் என்று உனக்குத் தெரியும். என் மகன் தனாசிஸ் தன் மகளுக்கு என் பேரை வைக்கவில்லை என்று தெரிந்த அன்று உன் அத்தான் காப்பிக்கடை ஃபோனில், ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேர் முன்னால், என்ன சொன்னார்? "எம் பெண்டாட்டி பேரத் தள்ளுனவன் எம் பிள்ளை இல்ல. நான் மண்ணுக்குள்ள போனாலும் இந்த வார்த்த மாறாது." அந்த வார்த்தை அவரோடு மண்ணுக்குள் போயிருக்கிறது. மகன் வந்து குழி ஓரத்தில் நின்று 'அப்பா, பொறுத்துக்கோ' என்று சொல்லாமல் மண்வெட்டி இறங்கக் கூடாது.

ஜூனில் அவன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஐரோப்பா முழுக்கச் சுற்றப்போகிறான் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாய்ச் சுற்றட்டும். ஜூலை பதினாறு, சனிக்கிழமை காலையில் அவன் இங்கே இருக்க வேண்டும். தனியாக. அந்த ஆஸ்திரேலியாக்காரியும் அந்தப் பிள்ளையும் உன் வீட்டில் இருக்கட்டும். அந்தப் பேரைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை கல்லறை வேலிக்குள் வருவதை ஊர் பார்க்கக் கூடாது.

இதை நீ அவனிடம் சொல். நான் சொல்ல மாட்டேன். தகப்பன் எலும்புக்கு வா என்று மகனை யாரும் அழைப்பதில்லை. அவனுக்கே தெரிய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி உடுத்து.

ஸ்தமாத்தா


ஸ்டுட்கார்ட்
14 மார்ச் 1988

அன்புள்ள அக்கா,

இடுப்பு நான் தொழிற்சாலையில் நின்றதற்குக் கிடைத்த பரிசு, அது என்னோடுதான் வரும். அவருக்கு இருமல் நின்றது, இருமலைப் பற்றிய பேச்சுதான் நிற்கவில்லை. உன் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தைப் பிரித்துவிட்டு 'இது என்ன நாத்தம்' என்று ஆட்டுக்கொட்டகையில் வைத்துவிடாதே.

தனாசிஸ் ஃபோனில் பேசினான். மூன்று மாதம் முழுதாய் விடுப்பு. முதலில் ஸ்காட்லாந்தில் அவன் பெண்டாட்டி ஷெரிலின் அத்தை வீடு. பிறகு பாரிஸில் நம் மாமன் மகன் அப்போஸ்தோலிஸ். பிறகு இங்கே. இங்கிருந்து சுவிட்சர்லாந்து, தூன் ஏரி. அவன் ஓட்டலில் தட்டு தூக்கிய காலத்தில் ஷெரிலைப் பார்த்த இடம். "அந்த ஏரியத் திரும்பப் பாக்கலன்னா கல்யாணமே செல்லாதுங்கறா, சித்தி" என்று சிரித்தான்.

அப்புறம் சொன்னான்: "கடைசியா அம்மாவப் பாக்கணும். அம்மா விட்டா."

நீ சொன்ன விஷயத்தை அவன் வந்ததும் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் அக்கா, நீயே இரண்டு வரி எழுதினால் என்ன? உன் பேத்தி ஹேசலுக்கு வயது பத்து. உன்னை அவள் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

எலும்பைப் பற்றி மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அத்தான் நல்லபடியாகத்தான் வருவார். எனக்குத் தெரியும்.

தைலத்தைச் சூடாக்கித் தேய்.

உன் ஆர்கிரோ


கஸ்தானியா
3 ஏப்ரல் 1988

ஆர்கிரோவுக்கு,

தைலம் கிடைத்தது. நாற்றம்தான், ஆனாலும் தேய்க்கிறேன். குருத்தோலை ஞாயிறு இன்றைக்கு. உனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்ததும் தோன்றியது.

'எனக்குத் தெரியும்' என்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும்? நீ பாதிரியாரா? மண்ணுக்குள் போய்ப் பார்த்தாயா? ஐந்து வருஷமாய் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோதுமை அவித்து, எண்ணெய் ஊற்றி, விளக்கேற்றி, அந்த மண்ணைப் பார்த்துக் கெஞ்சுகிறவள் நான். அடுத்த வீட்டுப் பாகோனா நேற்று என் எண்ணெய்க் குப்பியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "ஊத்து ஊத்து. மகன் வந்து ஊத்த வேண்டியதையும் சேத்து நீயே ஊத்திரு." வாய் நிறைய வந்தது. புனித வாரம் பிறக்கப்போகிறது என்று முழுங்கிக்கொண்டேன். வாரம் முடியட்டும்.

நான் இரண்டு வரி எழுத வேண்டுமாம். என் பேரைப் பற்றி உனக்குச் சொல்லவா? நம் வீட்டில் வரிசையாய்ப் பெண்ணாய்ப் பிறந்து, நானும் பெண்ணாய் வந்து விழுந்தபோது, போதும் நிறுத்து என்று கடவுளுக்குச் சொல்ல எனக்கு ஸ்தமாத்தா என்று வைத்தார்கள். கடவுள் கேட்டாரா? நீ வந்தாய். உனக்கு ஆர்கிரோ, வெள்ளி என்று அழகாய்ப் பேர் வைத்தார்கள். வேண்டாம் என்று வைத்த பேரை நான் சுமந்தேன். இத்தாலிக்காரன் படையெடுத்து வந்த குளிர்காலத்தில் தோட்டாப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் மலை ஏறினேன். அதிகாரிகள் "ஸ்தமாத்தா எங்க, ஸ்தமாத்தாவக் கூப்பிடு" என்றுதான் கேட்பார்கள். குப்பையில் கிடந்த பேரைத் தூக்கி நான் கௌரவமாக்கினேன். மகனின் முதல் பெண்ணுக்கு அவன் அம்மா பேர். இது நான் வைத்த சட்டம் இல்லை. இந்த மலையில் யாரும் தவறவிட்டதில்லை, என் மகனைத் தவிர.

உன் அத்தான் எனக்காகத்தான் கோபப்பட்டார். அந்த மனுஷன் என் பக்கம் நின்றார். அந்தக் கோபத்தை நான் கீழே வைத்தால் அவரை நானே தனியாய் விட்ட மாதிரி.

எழுத மாட்டேன். நீ சொல். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு.

ஸ்தமாத்தா


ஸ்டுட்கார்ட்
15 மே 1988

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் என்று சொன்னால் நம்ப மாட்டாய். உண்மையாகவே காய்ச்சல்தான், ஆனால் அது நாலு நாளில் விட்டுவிட்டது. மீதி நாட்கள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டை உடைத்தாயா? யாரோடு உடைத்தாய்?

வரும்வரை பொறுக்க முடியாமல் தனாசிஸை நானே கூப்பிட்டேன். எலும்பெடுக்கும் நாளைச் சொன்னேன். பிறகு, "நான் வரணும்னுதான் இருந்தேன் சித்தி. அப்பாவுக்குக் கைப்பிடி மண்ணுகூட நான் போடல. எலும்பையாவது கழுவணும்" என்றான். நீ வைத்த நிபந்தனையையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் குரல் அப்படியே அத்தான் குரலாகிவிட்டது.

"பிள்ளைய வேலிக்கு வெளிய நிறுத்திட்டு நான் உள்ள போகணுமா? வந்தா மூணு பேரும் வருவோம். இல்லன்னா யாரும் இல்ல."

"பேரு வச்சதுக்குக் கொஞ்சம் இறங்கிப் பேசக் கூடாதாடா?" என்றேன்.

"ஷெரில் அம்மா பேருக்கு அர்த்தம் கேட்டா, சொன்னேன். பொறந்த பிள்ளையப் பாத்து 'நிறுத்து'ன்னா கூப்பிடச் சொல்றன்னு அழுதா. பேறுகாலத்துல அழற பொம்பளகிட்ட நான் என்ன சித்தி பேசறது? இதே அம்மாதான் சின்ன வயசுல எங்கிட்ட சொல்லும், எம் பேரக் கேட்டாலே எனக்கு அழுகையா வரும்னு."

இதை எழுதலாமா வேண்டாமா என்றுதான் பேனா எடுத்து எடுத்து வைத்தது. எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ அத்தானின் கோபத்தைச் சுமப்பதாக எழுதினாய். அது அவ்வளவு கனம் இல்லை அக்கா. இறக்கி வைத்துப் பார்.

ஆர்கிரோ


கஸ்தானியா
1 ஜூன் 1988

ஆர்கிரோவுக்கு,

காய்ச்சல் விட்டது சந்தோஷம். இஞ்சிக்கு இங்கே வழி இல்லை, மலைத் தேயிலை அனுப்புகிறேன், தேன் விட்டுக் குடி. முட்டையை நானே ஒரு கையில் ஒன்றும் மறு கையில் ஒன்றும் பிடித்து உடைத்தேன். இடது கை ஜெயித்தது.

சின்னப் பிள்ளையிடம் தாய் ஆயிரம் சொல்வாள். அதையெல்லாம் சேர்த்து வைத்து வயதான காலத்தில் திருப்பி அடிப்பான் என்று நான் கண்டேனா? எனக்கு அழுகை வந்தது என்றால் அது என் அழுகை. அதை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பொம்பளையிடம் கொடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து என் பேரைத் தள்ளுவதா?

மூன்று பேரும் வர வேண்டாம். ஒருத்தரும் வர வேண்டாம். ஸ்காட்லாந்தைப் பார்க்கட்டும், பாரிஸைப் பார்க்கட்டும், ஏரித் தண்ணீரில் முகம் பார்க்கட்டும். தகப்பன் மண்ணுக்கடியில் கிடந்து தவிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கனம் இல்லையாம். தூக்கிப் பார்த்தவளைப் போலப் பேசுகிறாய்.

ஸ்தமாத்தா


ஸ்டுட்கார்ட்
27 ஜூன் 1988

அன்புள்ள அக்கா,

தேயிலை வந்தது. வீடு முழுக்க நம் மலை வாசனை. அவர் குடித்துவிட்டு ஊர்ப் பாட்டு பாட ஆரம்பித்தார், கீழ் வீட்டு ஜெர்மன்காரி துடைப்பத்தால் கூரையைத் தட்டினாள்.

மூன்று பேரும் வியாழக்கிழமை வந்தார்கள். தனாசிஸுக்கு முன்மண்டை வழுக்கை. ஷெரில் நான் நினைத்ததைவிட அமைதி. பாத்திரம் கழுவும்போது என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொள்கிறாள். பாரிஸில் அப்போஸ்தோலிஸ் வீட்டில் ஒரே தகராறாம். அவன் பெண்டாட்டி, "ஏரிக்குப் போக நேரம் இருக்கு, பெத்தவளப் பாக்க நேரம் இல்லையா?" என்று பந்தியில் கேட்டுவிட்டாளாம். ஹேசல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பாவ நாந்தான் திட்டணும். நீங்க யாரு திட்ட?" என்றாளாம். அரைகுறை கிரேக்கம்தான், ஆனால் சண்டைக்கு வேண்டிய வார்த்தை எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் நின்ற மாதிரியைத் தனாசிஸ் எழுந்து நடித்துக் காட்டினான். நான் யாரைப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். நீ கிழித்துப் போடுவாய்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு வந்தது.

"அம்மா ஒரு வரி எழுதட்டும் சித்தி. வான்னு ஒரே ஒரு வார்த்த. ஏரிய விட்டுட்டு நேரா வண்டிய ஊருக்கு விடறேன்."

"அது எழுதாதுடா. அது யாருன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். நானும் அதோட பிள்ளைதான?"

ஹேசல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் வேணா பேர மாத்திக்கறேம்ப்பா. கொஞ்ச நாளைக்கு மட்டும்" என்றாள். ஷெரில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நாளை அவர்கள் தூன் ஏரிக்குப் போகிறார்கள். விலாசம் இத்துடன். கடிதம் மெதுவாய்ப் போகும், தந்தி கொடு. ஒரு வார்த்தை போதும். எனக்காக.

ஆர்கிரோ


கஸ்தானியா
8 ஜூலை 1988

ஆர்கிரோவுக்கு,

நலம். நீயும் அப்படியே இரு.

தபால் நிலையத்துக்குப் போனேன். தந்தித் தாளை வாங்கினேன். அங்கே இருக்கிற பயல், "யாருக்குப் பாட்டி, மகனுக்கா? எலும்பெடுக்கக் கூப்பிடறீங்களா?" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டான். பாகோனா ஸ்டாம்பு வாங்குகிறவள் மாதிரி என் பின்னால் நின்று காதை நீட்டினாள். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து வயதுப் பிள்ளை கடன் கொடுக்கிற மாதிரி எனக்குப் பேர் கொடுக்கிறதா? கொஞ்ச நாளைக்கா? எனக்கு வேண்டாம்.

பெட்டி செய்யக் கொடுத்துவிட்டேன். வால்நட் மரம். மூடியில் அவர் பேரும் படமும். வீட்டு மதுவே எடுத்து வைத்திருக்கிறேன். குழி ஓரத்தில் நான் நிற்பேன், மகன் நிற்க வேண்டிய இடத்திலும் நானே நிற்பேன். மண்ணுக்குள் என்ன இருக்கிறதோ அதை நான்தானே முதலில் பார்க்கப் போகிறேன். பார்க்கிறேன்.

ஸ்தமாத்தா


கஸ்தானியா
17 ஜூலை 1988

ஆர்கிரோவுக்கு,

உடம்பு விசாரிக்க நேரமில்லை, நேற்று நடந்ததைக் கேள்.

விடிந்ததும் போய்விட்டோம். வேலியைச் சுற்றி ஊர். பாகோனா நாற்காலியே கொண்டுவந்துவிட்டாள். தோண்டியது என் நாத்தனார் மகள் தியோனி. ஆண்கள் தள்ளித்தான் நின்றார்கள். பாதிரியார் படிக்கப் படிக்க மண் வந்துகொண்டே இருந்தது. இடுப்பளவு இறங்கியும் ஒன்றும் இல்லை. லாம்ப்ரோஸின் பொத்தான்களே கண்ணுக்குள் வந்து வந்து போயின.

அப்புறம் தியோனி மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்தாள். "அத்தை, கைக்குட்டை" என்றாள். கொடுத்தேன். வெளியே எடுத்தாள்.

மெழுகு மாதிரி, ஆர்கிரோ. தேன்மெழுகு மாதிரி மஞ்சள். ஒரு கறுப்பு இல்லை, ஒரு சதை இல்லை, ஒரு நூல் இல்லை. மண்டையைக் கையில் வாங்கி நெற்றியில் முத்தமிட்டேன். சின்னதாய்த் தெரிந்தது. இவ்வளவு சின்னத் தலையையா நான் இத்தனை வருஷம் பயந்து பயந்து பார்த்தேன் என்று தோன்றியது. ஒவ்வொன்றாய்த் தண்ணீரிலும் மதுவிலும் கழுவி வெள்ளைத் துணியில் காயவைத்தோம். விரல் எலும்பைக் கழுவும்போது, சீட்டு விளையாட்டில் என்னை ஏமாற்றின விரல் எது என்று தேடினேன். வேலி ஓரத்தில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பாகோனா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "குடுத்து வச்ச மனுஷன். மனசுல ஒரு பகையும் இல்லாம போயிருக்காரு" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊர் முழுக்க அதையே சொன்னது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எலும்பறையில் அவர் அப்பா பக்கத்தில் வைத்தோம்.

எல்லோருக்கும் அவித்த கோதுமையும் சிப்புரோச் சாராயமும் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நிம்மதி வர வேண்டுமா இல்லையா? வரவில்லை. கோபம் வந்தது. மகன் வரவில்லை. பொறுத்துக்கோ என்று யாரும் கேட்கவில்லை. பகை என்றால் பகை, ஊரே கேட்க வாயால் சொன்ன பகை. அது எங்கே போனது? எப்படிக் கரைந்தார்?

நீ மார்ச்சிலேயே எழுதினாய், நல்லபடியாக வருவார், எனக்குத் தெரியும் என்று. கனம் இல்லை என்றும் எழுதினாய். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

என்ன தெரியும் உனக்கு? சுற்றி வளைக்காமல் எழுது.

ஸ்தமாத்தா


ஸ்டுட்கார்ட்
26 ஜூலை 1988

அக்கா,

அத்தான் நல்லபடியாக வந்ததற்கு மாதாவுக்கு நன்றி. உன் கடிதத்தைப் படித்து நானும் என் வீட்டுக்காரரும் அழுதோம். இனி நீ கேட்டது.

அத்தான் இதய ஆபரேஷனுக்கு இங்கே வந்தாரே, நீ ஆடு குட்டி போடும் சமயம் என்று வராமல் இருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த நாட்களில் ஒரு காலை, சமையலறையில் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பய நம்பர் இருக்கா?" என்றார். நான் சுற்றிக் கொடுத்தேன். "எலே, அங்க இப்ப என்ன நேரம்?" அவ்வளவுதான் முதல் பேச்சு. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு ஹேசல் ஃபோனை வாங்கிக்கொண்டாள். நாலு வயது அப்போது. அவள் என்ன கேட்டாளோ, அத்தான் தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வலிக்குதுடி, சிரிக்க வைக்காத" என்றார். ஃபோனை வைத்த பிறகு, "பேரு கெடக்கு, ஆர்கிரோ. குரல் நம்ம வீட்டுக் குரல்" என்றார்.

உன்னிடம் சொல்லச் சொன்னேன். "நான் பக்குவமா சொல்லிக்கறேன். நீ வாயத் தெறக்காத" என்று சிலுவை மேல் சத்தியம் வாங்கினார். ஊருக்குத் திரும்பிய பிறகு மாசத்துக்கு ஒருதரம் யன்னினா ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனை என்று போனாரே, பரிசோதனை ஆறு மாசத்துக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் தபால் நிலையத்து ஃபோன். கடைசியாய்ப் பேசினது சாவதற்கு முந்தின வாரம். பக்குவம் வரவே இல்லை. அவர் யாருக்கும் பயந்தவர் இல்லை அக்கா, உன் ஒருத்தியைத் தவிர. காப்பிக்கடையில் கத்தினது உன்னை வைத்துத்தான். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் உன் முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்தார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சத்தியம் சத்தியம்தான். எலும்பெடுத்த பிறகு அது தீர்ந்தது என்று இங்கே எங்கள் பாதிரியார் சொன்னார், அதனால் எழுதுகிறேன். தனாசிஸும் அதே சத்தியத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ஏரியிலிருந்து அவர்கள் ஆகஸ்ட் நடுவில் இங்கே திரும்புவார்கள். மாசக் கடைசியில் விமானம்.

உடம்பைப் பார்த்துக்கொள். தட்டைக் கிட்டை உடைக்காதே.

ஆர்கிரோ


கஸ்தானியா
11 ஆகஸ்ட் 1988

தனாசிஸுக்கு உன் அம்மா எழுதுவது.

உன் சித்தி வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன், வந்ததும் கொடுப்பாள். அவளுக்குத் தனியாய் எழுதவில்லை, அவளோடு நான் இப்போது பேசுவதில்லை என்று அவளிடம் சொல்.

உன் அப்பா சுத்தமாய் வந்தார். நீ பார்த்திருக்க வேண்டியது, பார்க்கவில்லை. அதற்கு உன்னைத் திட்ட வேண்டும் என்று ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தேன். இப்போது அந்த மூட்டையில் பாதி அவருக்கு. எலும்பறைக்குப் போய்ப் பெட்டி முன்னால் நின்று திட்டிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருக்கிறார், முன்பு போலவே. மாதாமாதம் விடியற்காலையில் எழுந்து கீரைப் பிட்டா சுட்டுக் கட்டிக் கொடுத்து, கழுத்துத் துண்டைச் சரி பண்ணி, நெஞ்சைக் கவனமாய்ப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பேருந்து ஏற்றிவிட்டேன். மனுஷன் என் பிட்டாவைத் தின்றுகொண்டு உன்னோடு பேசியிருக்கிறார். ஐந்து வருஷம் அந்த மண்ணில் நான் கெஞ்சினேன், அவர் நிம்மதியாய்க் கரைந்துகொண்டிருந்தார். என் பக்கம் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு தனியாய் நின்றிருக்கிறேன். அதுகூட எனக்குத் தெரியவில்லை.

இந்த மலையில் இனி பகையோடு மண்ணுக்குள் போகப் போகிறவள் நான் ஒருத்திதான். என்னைத் தோண்டும் நாளில் பாகோனா இரண்டு நாற்காலி கொண்டுவருவாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு நான் கொடுப்பதாக இல்லை.

அதனால் கேள். உன்னை இங்கே வா என்று இப்போதும் கூப்பிடவில்லை. நான் வருகிறேன். தியோனியின் புருஷன் காவல் நிலையத்தில் இருக்கிறான், கடவுச்சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டான். படத்தில் ஆட்டுத்திருடி மாதிரி இருக்கிறேன். மாதா பண்டிகை முடிந்த சனிக்கிழமை, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற ஸ்டுட்கார்ட் பேருந்து. இகுமெனிட்சாவில் கப்பல் ஏறி இத்தாலி வழியாய் வருகிறதாம். தோட்டாப் பெட்டியோடு ஏறின கால், கப்பலில் உட்காராதா? திங்கட்கிழமை வந்து சேரும் என்றார்கள். அதற்கு முன்னால் எந்த ஏரிக்கும் ஓடாதே.

என்னைக் கண்டதும் காலில் விழுந்து நாடகம் ஆடக் கூடாது. நான் மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை. திட்ட வருகிறேன். பத்து வருஷத்துத் திட்டு, கடிதத்தில் அடங்காது. உன் பெண்டாட்டியையும் திட்டுவேன், அவளுக்குப் புரியாவிட்டால் நீ மொழிபெயர்க்க வேண்டும், ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது.

பேருந்து நிலையத்துக்கு உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பேரை நான் இன்னும் எழுதவில்லை, பார்த்துக்கொள். ஆளைப் பார்த்துவிட்டு யோசிக்கிறேன். அவள் தாத்தா அன்றைக்கு ஃபோனில் எதற்குச் சிரித்தார் என்று அவளைக் கேட்க வேண்டும். அவள் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார், ஒவ்வொரு மாசமும் என்னவெல்லாம் பேசினார்கள், எல்லாம் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை, மறந்திருப்பாள் என்று சாக்குச் சொல்லாதே. ஞாபகப்படுத்தி வை. வீட்டில் அவர் கடைசி வருஷம் முழுக்க என்னோடு உப்பு, விறகு, ஆடு இதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

உன் அம்மா
ஸ்தமாத்தா